கணக்கா, இன்ஜினியரிங்கா? நீடாமங்கலம் மாணவிக்குப் பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பொதுத் தேர்வில் கணிதம் 98, இயற்பியல் 88, வேதியியல் 86. அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் நிலம். தம்பி ஒன்பதாவது படிக்கிறான். எனக்குக் கணக்கு என்றால் உயிர். பி.எஸ்சி. கணிதம் சேர ஆசை. எங்கள் கணக்கு டீச்சரும் அதைத்தான் சொல்கிறார். சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மாமா, "கணக்கு படிச்சா டியூஷன்தான் எடுக்கணும், கம்ப்யூட்டர் சயின்ஸ் போடு" என்கிறார். அம்மாவுக்கு ஹாஸ்டல் என்றாலே பயம். அப்பா, "நீ யோசிச்சு சொல்லும்மா" என்பதோடு சரி. ஒன்று கேட்க வேண்டும். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்கு (xன் அடுக்கு ஐந்து வரை போகும் சமன்பாடு) பொதுச் சூத்திரம் கிடையாது என்று டீச்சர் சொன்னார். "இன்னும் கண்டுபிடிக்கலையா டீச்சர்?" என்றேன். "இல்ல, கண்டுபிடிக்கவே முடியாதுன்னு நிரூபிச்சுட்டாங்க" என்றார். இல்லாத ஒன்றை இல்லை என்று எப்படி நிரூபிக்க முடியும்? அன்றிலிருந்து அதுவே மண்டைக்குள் ஓடுகிறது. நான் எதை எடுப்பது?

அன்புள்ள மகளுக்கு,

வகுப்பறைப் பழக்கத்தில் 'நீ' என்றே எழுதுகிறேன். நான் டெல்டாவில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். படித்தது கணிதம், பாடம் எடுப்பது இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு. கூடப் படித்தவர்கள் போன வழியையும் என்னிடம் படித்தவர்கள் போகும் வழியையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடலாம். உன் வீட்டில் பாதிப் பேச்சு அதைச் சுற்றித்தான் நடக்கும். உன் கட்-ஆஃப் கணிதத்துக்கு 98, இயற்பியலில் பாதி 44, வேதியியலில் பாதி 43, ஆக 200க்கு 185. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 2021ல் வந்த சட்டப்படி பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு உனக்குத் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். அரசுக் கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தாலோ, கட்டணம் சொற்பம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் எந்தப் படிப்பு என்றாலும் வரும். ஆக, இரண்டில் எதற்காகவும் அப்பா நிலத்தை அடகு வைக்க வேண்டியதில்லை. மாமாவிடம் இதை விவரமாகச் சொல். அவர் படித்த காலத்தில் இந்த ஒதுக்கீடு கிடையாது. கடன் வாங்கிப் படிக்கிற படிப்பாகவே இன்ஜினியரிங்கை அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம், அதனால் 'போட்ட காசு திரும்ப வருமா' என்ற கணக்கிலேயே அவர் பேச்சு போகும்.

செலவு ஒத்துப்போனாலும் காலம் ஒத்துப்போகாது. இன்ஜினியரிங் நான்கு வருடம். முடித்ததும் வேலைக்குப் போகலாம். கணிதத்தில் மூன்று வருட பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் பெரும்பாலும் எங்கும் போய்ச் சேர முடியாது. எம்.எஸ்சி.யும் சேர்த்து ஐந்து வருடம் என்றுதான் கணக்கு வைக்க வேண்டும். ஆராய்ச்சி என்றால் இன்னும் கூடும். தம்பி ஒன்பதாவது படிக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். அவன் கல்லூரிக்குப் போகும் நேரத்தில் நீ சம்பாதித்தாக வேண்டுமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்பதை அப்பாவிடம் வெளிப்படையாகக் கேள். "யோசிச்சு சொல்லும்மா" என்கிறவருக்கு நீ யோசிக்கத் தேவையான இந்தத் தகவலைச் சொல்லும் பொறுப்பு இருக்கிறது.

இப்போது படிப்புக்கு வருகிறேன். கணக்கு என்றால் உயிர் என்கிறாய். பன்னிரண்டாவதில் 98 வாங்கிய பிள்ளைகளில் பலர் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொடுத்த முறையைப் பிழையில்லாமல், நேரத்துக்குள் செய்ய வரும் என்பதை அந்த 98 காட்டுகிறது. அது நல்ல திறமை. ஆனால் பல்கலைக்கழகத்துக் கணிதம் உன்னிடம் கேட்கப்போவது வேறொன்றை. எது என்று காட்டுகிறேன்.

எந்த எண்ணை அதாலேயே பெருக்கினால் 2 வரும்? பொறியியல் முதல் வருடத்தில் எண்ணியல் முறைகள் என்ற பாடத்தில் நான் இதை நடத்துவேன். நியூட்டன்–ராப்சன் முறை. ஒரு உத்தேச விடையில் ஆரம்பி, 1.5 என்று வை. 2ஐ 1.5ஆல் வகுத்தால் 1.3333. இரண்டுக்கும் சராசரி 1.416667. மறுபடி 2ஐ இதால் வகு, 1.411765. மறுபடி சராசரி, 1.414216. இரண்டே சுற்றில் ஐந்து தசம இடம் வரை ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது. இன்னொரு சுற்று போனால் கால்குலேட்டர் காட்டும் இடங்கள் எல்லாம் சரியாகிவிடும். என் மாணவர்கள் கேட்கும் கேள்விகள் இவை: எத்தனை சுற்று போதும்? தவறான இடத்தில் ஆரம்பித்தால் என்ன ஆகும்? கணினியில் எழுதினால் எந்த வரியில் நிறுத்துவது? நல்ல கேள்விகள். இவற்றுக்குப் பதில் தெரிந்தவனால் ஒரு பாலத்தையோ ஒரு மென்பொருளையோ கட்ட முடியும்.

அதே கேள்வி பி.எஸ்சி. கணித வகுப்பில் எப்படி வரும் தெரியுமா? அப்படி ஓர் எண் இருக்கிறது என்று யார் சொன்னது? பின்னங்கள் மட்டுமே இருக்கும் உலகத்தில் அப்படி ஓர் எண் கிடையாது என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பாய். 1ன் வர்க்கம் 2ஐ விடக் குறைவு, 2ன் வர்க்கம் 2ஐ விட அதிகம், ஆனால் இடையில் எந்தப் பின்னத்தின் வர்க்கமும் சரியாக 2 ஆவதில்லை. எண்கோட்டில் பின்னங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தும் அந்த இடத்தில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்த எண்கள்தான் மெய்யெண்கள் என்றால், அடைத்துவிட்டோம் என்பதற்கு என்ன ஆதாரம்? 'ஓட்டை இல்லை' என்பதைத் துல்லியமாக எப்படிச் சொல்வது? மெய்ப் பகுப்பாய்வு என்ற பாடம் இங்கேதான் தொடங்குகிறது. முதல் சில வாரங்களில் விடையாக ஓர் எண்கூடக் கிடைக்காது. ஒரு பக்கம் முழுக்க வாக்கியங்கள் எழுதி, கடைசியில் 'ஆகவே இருக்கிறது' என்று முடிப்பாய். பள்ளியில் கணக்குப் புலியாக இருந்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில் மனம் உடைந்துபோகிறார்கள். நான் விரும்பிய கணக்கு இது இல்லையே என்று வீட்டில் சொல்லவும் முடியாமல் மூன்று வருடத்தை மனப்பாடத்தில் தள்ளுகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் அவர்களில் பலர் அருமையான இன்ஜினியர் ஆகியிருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. முதல் செமஸ்டரில் அணிகள் பாடத்தில், எந்தச் சதுர அணியும் தன் சிறப்புச் சமன்பாட்டைத் தானே நிறைவுசெய்யும் என்கிற கேலி–ஹாமில்டன் தேற்றம் வரும். எங்கள் பாடத்திட்டத்தில் தேற்றத்தைச் சொல்வதும் பயன்படுத்துவதும்தான் உண்டு. சரிபார், நேர்மாறு அணியைக் கண்டுபிடி, அடுத்த கணக்குக்குப் போ. அநேகமாக ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை வகுப்பு முடிந்ததும் வந்து நிற்கும். "சார், இது ஏன் எல்லா அணிக்கும் சரியா வருது?" சொல்லித்தருவேன், அந்தப் பிள்ளையின் முகம் மலரும். அதன்பின் லேப், ரெக்கார்டு, இன்டெர்னல் தேர்வு, நான்காவது செமஸ்டருக்குப் பிறகு பெரும்பாலான பிரிவுகளில் கணிதப் பாடமே குறைந்துவிடும். அந்த 'ஏன்' அப்படியே அடங்கிப்போகும். இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகவே உனக்கு ஒரு சோதனை. மதிப்பெண் கிடையாது, யாரிடமும் காட்ட வேண்டாம். அடுத்தடுத்த நான்கு எண்களைப் பெருக்கி 1ஐக் கூட்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கைப் பெருக்கினால் 24, ஒன்றைக் கூட்டினால் 25, அது 5ன் வர்க்கம். இரண்டில் ஆரம்பித்தால் 121, அது 11ன் வர்க்கம். மூன்றில் ஆரம்பித்தால் 361, அது 19ன் வர்க்கம். எங்கே ஆரம்பித்தாலும் வர்க்க எண்தான் வருமா? ஏன்? அப்புறம் ஐந்து எண்களை வைத்துப் பார். ஒன்றிலிருந்து ஐந்து வரை பெருக்கினால் 120, ஒன்றைக் கூட்டினால் 121, மறுபடி வர்க்கம். ஆனால் அதை நம்பி மேலே போய்விடாதே, அடுத்ததையும் போட்டுப் பார்.

இணையத்தில் தேடாமல் ஒரு வாரம் இதோடு இரு. விடை கிடைப்பது முக்கியமில்லை. எந்தப் பக்கம் உன் கை தானாகப் போகிறது என்று கவனி. சிலருக்கு, இதை ஒரு லட்சம் வரை சோதித்துப் பார்க்கக் கணினியில் சின்ன நிரல் எழுதலாமே என்று தோன்றும். பள்ளி லேபில் போய் உட்கார்ந்து எழுதி, ஓடவிட்டு, வேகத்தைக் கூட்டுவதில் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்கு இன்ஜினியரிங் பிடிக்கும், மாமா சொல்வதைக் கேட்கலாம். சிலருக்கு ஒரு லட்சம் வரை சரியாக வந்தாலும் நிம்மதி வராது. ஒரு லட்சத்து ஒன்றில் என்ன ஆகும் என்ற கேள்வி நிற்கும். எல்லா எண்ணுக்கும் சேர்த்து ஒரே வரியில் காரணம் கிடைக்கும்வரை விட மாட்டார்கள். அவர்கள் கணிதத்துக்குப் போக வேண்டியவர்கள்.

இன்ஜினியரிங்கைச் சின்னதாக நினைத்து இதை எழுதவில்லை. உன் ஊருக்குப் பக்கத்திலேயே மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாறு அங்கே வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. சைக்கிளில் போய் ஒரு சாயங்காலம் அந்த ஷட்டர்களைப் பார்த்துவிட்டு வா. எந்த ஷட்டரை எவ்வளவு தூக்கினால் எந்த ஆற்றில் எத்தனை கன அடி போகும்? ஒரு கன அடி என்பது வினாடிக்கு 28 லிட்டருக்கு மேல். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர ஆகும் நாட்களைக் கணக்கிட்டு யாருக்கு முதலில் விடுவது? மதகுக்குக் கீழே மண் அரித்துக்கொண்டு போகாமல் தளத்தை எப்படிப் போடுவது? சமன்பாடு தெரிந்தால் மட்டும் இதற்கெல்லாம் பதில் வராது. மண், சிமெண்ட், ஷட்டரை இயக்கும் லஸ்கரின் அனுபவம், விவசாயியின் அவசரம் எல்லாம் அதற்குள் வரும். குறையான தகவலை வைத்துக்கொண்டு, குறித்த தேதிக்குள், தாங்கக்கூடிய ஒரு முடிவை எடுக்கும் வேலை அது. இப்படிப்பட்ட கேள்விகள் உன்னை இழுத்தால் சிவில் படி, நீர்வள மேற்படிப்புக்குப் போ. இன்ஜினியரிங் என்றாலே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று நம் ஊரில் ஆகிவிட்டது, அது சரியில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தால் வேலை உறுதி என்பதும் முழு உண்மை இல்லை. எந்தக் கல்லூரி, நீ நிரல் எழுதப் பழகினாயா, அரியர் இல்லாமல் ஏழாவது செமஸ்டருக்கு வந்தாயா என்பதைப் பொறுத்துத்தான் கேம்பஸ் இன்டர்வியூ. தமிழ் வழியில் படித்த பிள்ளைகளுக்கு முதல் செமஸ்டர் கடினம். பாடம் புரியாமல் இல்லை, ஆங்கிலத்தில் கேள்வி புரிவதற்குள் நேரம் போய்விடும். அந்த நான்கைந்து மாதத்தில் கூச்சப்படாமல் ஆசிரியரிடம் கேட்கிற பிள்ளை தேறிவிடும், பின்பெஞ்சில் ஒதுங்குகிற பிள்ளை அரியரில் மாட்டிக்கொள்ளும். இன்ஜினியரிங் போனால் இதை மறக்காதே.

இனி மாமாவின் கவலை: கணிதம் படித்தால் டியூஷன்தானா? அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் பகுதியில் பி.எஸ்சி. கணிதம் முடித்தவர்கள் பெரும்பாலும் பி.எட். போய், டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி, ஆசிரியர் பணி அறிவிப்புக்காகக் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் காலத்தில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளம், சாயங்காலம் டியூஷன். கல்லூரி வேலைக்கு எம்.எஸ்சி.க்கு மேல் நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வு, பிஎச்.டி. என்று போனவர்களிலும் பலர் கௌரவ விரிவுரையாளராகவே பல வருடம் ஓட்டுகிறார்கள். நன்றாகப் படித்தவர்கள் இப்படி இருப்பதைப் பார்க்கும்போது எனக்கே மனசு கனக்கிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் அது கணிதத்தின் ஒரு வழி, டெல்டாவுக்குள்ளேயே சுற்றும் வழி. பி.எஸ்சி. மூன்றாம் வருடத்தில் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. கணிதம் சேரலாம். சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது, சி.எஸ். சேஷாத்ரி 1989ல் தொடங்கியது. அங்கே கணிதத்திலும் தரவு அறிவியலிலும் எம்.எஸ்சி. உண்டு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் உன் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அப்புறம் ஆராய்ச்சிக்குப் போனால் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வேறு திசையில் திரும்ப நினைத்தால் எம்.சி.ஏ. இருக்கிறது. காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிடும் வேலைக்கு ஆக்சுவரி தேர்வுகள், புள்ளியியல் பாடம் எடுத்திருந்தால் யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு. வங்கித் தேர்வும் டி.என்.பி.எஸ்.சி.யும் எந்தப் பட்டத்துக்கும் திறந்தவை. நம் பக்கம் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு: பன்னிரண்டாவதில் கணிதம் படித்து பி.எஸ்சி. முடித்தவர்கள் தமிழ்நாட்டில் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேர லேட்டரல் என்ட்ரி கலந்தாய்வு நடக்கிறது. கணிதம் சேர்ந்துவிட்டு, 'தப்புப் பண்ணிவிட்டேனோ' என்று தோன்றினால் அந்த வாசலும் இருக்கிறது. எதிர்த் திசையிலும் போகலாம். பி.இ. முடித்தவர்களைக் கணித முதுகலைக்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு, ஆனால் நான்கு வருடம் நிரூபணம் எழுதாத கை அந்த நுழைவுத் தேர்வில் தடுமாறும்.

டெல்டாவில் கணிதம் என்றவுடன் யாராவது ராமானுஜனை இழுத்துவிடுவார்கள். உன்னிடமும் சொல்லியிருப்பார்கள், ஒன்று ஊக்கம் கொடுக்க, இல்லாவிட்டால் பயமுறுத்த. 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்து, மற்ற பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார், பட்டம் வாங்காமலே போனார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததில்தான் உனக்குப் பயன்படுவது இருக்கிறது. 1912ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே அவருக்கு மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் இன்ஜினியர். இந்த இருவரும் அவரைப் புரிந்துகொண்டு ஆதரித்தார்கள். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போனது அந்த வேலையில் இருந்தபோதுதான். வீட்டுக்கு ஒரு சம்பளமும், பக்கத்தில் கணிதம் புரிந்த மனிதர்களும் அவருக்கே தேவைப்பட்டார்கள். உனக்கும் இரண்டும் வேண்டும். தனியாக நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து சாதித்துவிடலாம் என்ற கனவை மட்டும் வைத்துக்கொள்ளாதே.

இனி உன் கேள்வி. அது கடிதத்தில் கடைசியாகப் போகிற போக்கில் வந்திருந்தாலும், முடிவு செய்ய எனக்கு உதவியது அதுதான். ஐந்தாம் படிச் சமன்பாட்டுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் போல மூலம் எடுத்தல் இவற்றை மட்டும் வைத்துப் பொதுச் சூத்திரம் கிடையாது என்று 1824ல் நார்வேயைச் சேர்ந்த ஆபெல் என்ற இளைஞர் நிரூபித்தார். ஏன் அப்படி என்பதை முழுதாக விளக்கியவர் 20 வயதில் இறந்துபோன கலுவா. சுருக்கமாகச் சொன்னால், சமன்பாட்டின் விடைகளான ஐந்து மூலங்களையும் 120 விதமாக இடம் மாற்றலாம். மூலக்குறி போட்டு ஒவ்வொரு படியாக விடையை நெருங்கும்போது இந்த இடமாற்றங்களின் கூட்டம் படிப்படியாக உடைந்துகொண்டே வர வேண்டும். இரண்டு, மூன்று, நான்காம் படிகளில் உடைகிறது. ஐந்தில் 60 இடமாற்றங்கள் கொண்ட ஒரு கூட்டம் மிஞ்சும், அதற்குமேல் அதை அப்படி உடைக்கவே முடியாது. சூத்திரம் இருந்தால் உடைந்தாக வேண்டும், உடையாது, ஆகவே சூத்திரம் இல்லை. இல்லாததை இல்லை என்று நிரூபிப்பது இப்படித்தான். இந்தக் கூட்டங்களைக் குலம் என்பார்கள். பி.எஸ்சி.யில் குலங்களைப் படிப்பாய், கலுவாவின் தேற்றத்தை எம்.எஸ்சி.யில் முழுதாக எட்டுவாய். பொறியியலில் எந்தப் பிரிவிலும் இந்தத் தேற்றம் வரை உன்னைக் கூட்டிக்கொண்டு போக மாட்டார்கள்.

ஒரு தேற்றம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அது எப்படிச் சாத்தியம் என்று யோசித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு நான் கணிதத்தைத்தான் சொல்வேன். அப்பா ஐந்து வருடம் பொறுக்க முடியும் என்றால் கணிதம் சேர். என் முடிவு அதுதான். மேலே சொன்ன சோதனையை மட்டும் செய்து பார்த்துக்கொள். நான்கு எண் கணக்கு உனக்கு அலுத்துப்போனால் என் பேச்சைக் கேட்காதே.

கணிதம் என்றால் சில விஷயங்களில் பிடிவாதமாக இருக்க வேண்டும். சென்னைக் கணிதவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் பி.மேத். என்ற கணித இளங்கலை போன்றவற்றுக்கு நுழைவுத் தேர்வு மே மாதம் நடப்பது வழக்கம், அதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்த ஆண்டு உனக்கு அது தவறிவிட்டது. அதற்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டாம். (இதைப் படிக்கும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.) இந்த ஆண்டு உனக்கு இருப்பவை அரசுக் கலைக் கல்லூரிகள். மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கல்லூரி பக்கம், கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரிக்கு வலங்கைமான் வழியாகப் பஸ், தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரிக்கு ரயிலிலேயே போகலாம். சேருவதற்கு முன் நேரில் போ. துறையில் எம்.எஸ்சி. நடக்கிறதா, ஆராய்ச்சி மாணவர்கள் இருக்கிறார்களா, போன வருடங்களில் யாராவது ஜாம் எழுதித் தேறியிருக்கிறார்களா என்று கேள். தேறியவர் ஒருவர் இருந்தாலும் அவர் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வா.

கல்லூரிப் பாடத்தோடு நின்றால் போதாது. முதல் வருடத்திலிருந்தே பைத்தான் கற்றுக்கொள். என்பிடெல் என்ற இணையத் தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் கணித, கணினிப் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸின் தரவு அறிவியல் இணையப் பட்டத்தை பி.எஸ்சி.யோடு சேர்த்தே படிக்கலாம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. மாமாவின் கவலைக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. கோடை விடுமுறையில் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம் பல ஊர்களில் நடக்கும், 1990களில் இருந்து நடக்கிறது. இரண்டாம் வருடம் அதற்குக் கட்டாயம் விண்ணப்பி. மனப்பாடக் கணிதத்திலிருந்து மீண்டு வந்த பல பிள்ளைகளை அந்த முகாம்கள் உருவாக்கியிருக்கின்றன. டிசம்பர் 22ஐ ஒட்டி கும்பகோணத்தில் சாஸ்திரா பல்கலைக்கழகம் ராமானுஜன் பரிசு வழங்கும் விழாவும் கருத்தரங்கும் நடத்துகிறது. 2017ல் அந்தப் பரிசைப் பெற்ற மரினா வியாசோவ்ஸ்காவுக்கு 2022ல் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. ஒரு நாள் போய்ப் பின்வரிசையில் உட்கார். பாதிக்கு மேல் புரியாது, பரவாயில்லை. கணிதத்தைத் தொழிலாகச் செய்யும் மனிதர்களை, அதில் பெண்களையும், நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்பாவால் நான்கு வருடத்துக்கு மேல் பொறுக்க முடியாது என்றால், குற்ற உணர்ச்சி இல்லாமல் இன்ஜினியரிங் போ. வீட்டுக்கு அருகில் என்பதற்காகக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதே. விடுதிச் செலவு அரசுடையது, அதனால் 7.5 சதவீதத்தில் கிடைக்கும் மிக நல்ல கல்லூரிக்கு, அது கிண்டியாக இருந்தாலும் கோவையாக இருந்தாலும், போய்விடு. முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது, ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தனியாகப் பார். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தால் தனிநிலைக் கணிதப் பாடத்தில் குலங்கள் வரும், அதை விடாதே. நான் சொன்ன முகாமுக்கு பி.இ. மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.

இப்போதைக்கு இரண்டுக்கும் விண்ணப்பித்துவிடு. கலைக் கல்லூரிச் சேர்க்கை முன்னாலேயே நடக்கும், பொறியியல் கலந்தாய்வு பின்னால் வரும். ஒன்றில் சேர்ந்தபின் மற்றதற்கு மாற வேண்டியிருந்தால் மாற்றுச் சான்றிதழைத் திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும், அதனால் எல்லாச் சான்றிதழிலும் நகல் எடுத்து வைத்துக்கொள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பள்ளியிலேயே கேட்டு வாங்கு.

அம்மாவிடம் ஒன்று சொல். பி.எஸ்சி. வரை மன்னார்குடிக்கோ கும்பகோணத்துக்கோ காலையில் பஸ் ஏறி சாயங்காலம் வீடு வந்துவிடலாம். எம்.எஸ்சி.க்கு ஹாஸ்டலில்தான் இருந்தாக வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடு. மூன்று வருடத்தில் அவருக்கும் பழகிவிடும்.